அணியில் ஓர் இடம்

பள்ளி திறந்து ஓரிரு திங்கள் கழிவதற்குள், கொங்கு நாட்டுப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படுவதைக் காணலாம். குறுவட்டப் போட்டிக்குச் செல்லும் அணியின் பெயர்ப் பட்டியல் அது. கூடைப்பந்தாயினும் கபடியாயினும் பன்னிரண்டு பெயர்களே அதில் இருக்கும். அத்தாளின் முன்னே நாற்பது பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பர். தம் பெயரைக் கண்டவர் ஆரவாரத்துடன் திடலை நோக்கி ஓடுவர். காணாதவர் அப்பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நேராதவர்போல் வகுப்பறைக்குத் திரும்புவர். ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய நான், இக்காட்சியை ஆண்டுதோறும் கண்டவன். ஓடியவர்களின் முகம் எனக்கு மறந்துவிட்டது. திரும்பியவர்களின் முகம் சில இன்னும் நினைவில் நிற்கின்றன.

அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் காலம் வந்தால் பெற்றோர் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்பர். "சோதித்துப் பார்ப்பதற்கே பணம் கட்ட வேண்டுமா?" என்பது முதற்கேள்வி. "என் பிள்ளையை ஏன் அந்த அணியில் போட்டார்கள்? ஏன் அந்த இடத்தில் நிறுத்தினார்கள்?" என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் பற்றி நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறேன்.

தேர்வே இல்லாத கூட்டாட்டம் ஒன்று நம்மிடம் உண்டு. அதிலிருந்து தொடங்குவது நலம். வள்ளிக் கும்மியை அறியாத கொங்கு நாட்டார் இலர். மாலை வேளையில் கோயில் முன்றிலிலோ களத்து மேட்டிலோ ஆசிரியர் பாட, வட்டமாக நிற்போர் அடியெடுத்து வைத்து ஆடுவர். சில வாரப் பயிற்சிக்குப் பின் ஊர்க் கோயிலில் அரங்கேற்றம் நிகழும். ஒரு காலத்தில் ஆடவர் மட்டுமே ஆடிய இவ்வாட்டத்தில் பெண்களையும் சேர்த்துப் பயிற்றுவித்த கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் அவர்களுக்கு, 2024-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இன்று பாட்டியும் பேத்தியும் ஒரே வட்டத்தில் ஆடுகின்றனர். பத்துப் பேர் புதிதாக வந்தால் வட்டம் சற்று அகலமாகும். எவரும் வெளியே நிற்க வேண்டியதில்லை. ஆனால் அங்கும் இடம் ஒதுக்குதல் என்பது இல்லாமற் போகவில்லை. அடி தெரிந்த இருவருக்கு நடுவே அடி தெரியாத ஒருவரை ஆசிரியர் நிறுத்துவார். வலமும் இடமும் பார்த்துப் பார்த்தே அவர் கற்றுக்கொள்வார். கற்பதற்கு ஏற்ற இடத்தில் ஆளை நிறுத்தும் அந்த முறை எனக்கு மிகவும் பிடித்தமானது.

விளையாட்டுப் போட்டிக்கோ வட்டம் அகலாது. கபடிக் களத்தில் எழுவர். கூடைப்பந்துக் களத்தில் ஐவர். கையுந்து பந்தில் அறுவர். மாற்று ஆட்டக்காரரைச் சேர்த்தாலும் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. எல்லை உள்ள இடத்தில் தேர்வு வந்தே தீரும். தேர்வு வந்தால், அதற்குரிய செலவும், அதனால் விளையும் மனவருத்தமும் உடன்வரும்.

இவ்விரண்டும் வேறொரு நாட்டில் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதைப் பார்ப்போம். 2008-இல் ஐ.பி.எல். கிரிக்கெட் தொடங்கியபோது, எல்லைக் கோட்டருகே நின்று ஆடிய சியர்லீடிங் குழுவினரை நம்மவர் பலர் முதன்முறையாகப் பார்த்தனர். 1898-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஜானி கேம்பல் என்னும் மாணவர் கூட்டத்தின் முன்னே நின்று வாழ்த்தொலி எழுப்பச் செய்தார். அதுவே இக்கலையின் தொடக்கம் என்பர். பிறரது ஆட்டத்தை ஊக்குவிக்கத் தோன்றிய இது, நாளடைவில் தானே ஒரு போட்டி விளையாட்டாக வளர்ந்துவிட்டது. பள்ளியையோ கல்லூரியையோ சாராமல், தனியார் பயிற்சிக் கூடங்கள் அமைக்கும் இத்தகைய போட்டி அணிகளை ஆல் ஸ்டார் அணிகள் என்கின்றனர். இரண்டரை நிமிடங்களுக்குள் குட்டிக்கரணமும், ஒருவரை மற்றவர் தூக்கி நிறுத்தும் கோபுர அமைப்பும், நடனமும் செய்து காட்ட வேண்டும். அனைத்துலகச் சியர் சங்கத்திற்கு ஒலிம்பிக் குழு 2021-இல் முழு அங்கீகாரம் வழங்கியது.

ஒரு பருவம் முடிந்து அடுத்த பருவம் தொடங்குமுன், இப்பயிற்சிக் கூடங்கள் தேர்வு நாட்களை அறிவிக்கும். வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு தேர்வுக் கட்டணம் செலுத்துவர். இடம் கிடைத்தால் மாதப் பயிற்சிக் கட்டணம், சீருடை, போட்டி நுழைவுக் கட்டணம், பயணச் செலவு என ஒன்றன்பின் ஒன்றாகச் செலவுகள் வரும். வயதையும் திறனையும் பார்த்துப் பிள்ளைகளை அணிகளாகப் பிரிப்பர். திறனுக்கு முதல் நிலை முதல் ஏழாம் நிலை வரை படிகள் உண்டு. அங்கேயும் பெற்றோரின் மனக்குறை நம் ஊரில் கேட்பது போன்றதே. "என் மகள் மூன்றாம் நிலைக் கரணம் போடுகிறாளே, அவளை ஏன் இரண்டாம் நிலை அணியில் சேர்த்தீர்கள்?" என்று கேட்பர்.

அக்கேள்விக்கு விடை கோபுரத்தில் இருக்கிறது. மேலே ஏறி நிற்கும் சிறுமி ஒருத்தி. அவள் பாதங்களைத் தாங்கும் இருவர். பின்னே நின்று அவள் விழாமற் காப்பவர் ஒருவர். மேலே நிற்பவள்மீதே எல்லோருடைய கண்ணும் படும். தாங்குபவரின் மணிக்கட்டு சிறிது தளர்ந்தாலோ அவள் தலை தரையில் மோதும். தனியாகக் கரணம் போடும் திறமையை மட்டும் கொண்டு ஒரு பிள்ளையை உயர்ந்த நிலை அணியில் சேர்த்துவிட இயலாது. தாங்கும் வலிமையும், உடன் நிற்போரோடு இசையும் பழக்கமும் அவளுக்கு வந்திருக்க வேண்டும். அணி என்பது பன்னிரண்டு சிறந்தவர்களைக் கூட்டி வைப்பதால் மட்டும் அமைந்துவிடுவதில்லை. கபடியில் பன்னிரண்டு பாடகர்களைச் சேர்த்துவிட்டு, மூலையில் நின்று பிடிப்பதற்கு ஆளில்லாமல் தோற்ற அணிகளை நான் கண்டிருக்கிறேன்.

திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஆளை ஆராய்ந்து தேர்வது ஒன்று. தேர்ந்தவனை அவனுக்குத் தக்க வினையில் அமர்த்துவது மற்றொன்று. இரண்டும் ஒன்றெனில் இரண்டு அதிகாரங்கள் வேண்டா அன்றோ? நம் பெற்றோரும், ஏன், ஆசிரியருமே இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர். "இவனுக்குத் திறமை உண்டா?" என்பது ஒரு கேள்வி. "இந்த ஆண்டு, இந்த அணியில், இவனுக்கு எந்த இடம் பொருந்தும்?" என்பது வேறொரு கேள்வி. பின்னதற்குக் கிடைத்த விடையை முன்னதற்குரிய விடையாக எடுத்துக்கொண்டு மனம் உடையும் பிள்ளைகள் எத்தனையோ பேர்!

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே ஒரு பிள்ளை அணிக்குள் நுழைய மூன்று வாயில்கள் உண்டு. முதலாவது பள்ளி. 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் எனப் பிரித்து, குறுவட்டம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாகப் போட்டிகள் நடைபெறுகின்றன. பெரியநாயக்கன்பாளையத்து இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் மாருதி உடற்கல்வியியற் கல்லூரி போன்ற இடங்களில் பயின்று வந்த உடற்கல்வி ஆசிரியர்களே பள்ளி அணியைப் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பர். பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்தையும் மதியச் சோற்றையும் தம் சட்டைப் பையிலிருந்து கொடுத்த உடற்கல்வி ஆசிரியர் பலரை நான் அறிவேன்.

இரண்டாவது வாயில் அரசு. 1992-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், விளையாட்டு விடுதிகளுக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கிறது. இடம் பெற்றவருக்கு உணவும் உறைவிடமும் பயிற்சியும் அரசின் செலவில் கிடைக்கும். 2023-இல் நடந்த முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளி மாணவர், கல்லூரி மாணவர், மாற்றுத்திறனாளிகள், அரசு ஊழியர், பொதுமக்கள் என ஐந்து பிரிவுகள் வகுக்கப்பட்டன. நிகரானவரை நிகரானவரோடு நிறுத்த வேண்டும் என்னும் நோக்கமே இத்தகைய பிரிவினைக்கு அடிப்படை.

மூன்றாவது வாயில் தனியார் பயிற்சிக் கூடங்களும் கழகங்களும். அகில இந்திய அளவில் கூடைப்பந்துப் போட்டிகளை நடத்திப் பெயர் பெற்றது கோவை மாநகரம். இங்கே மாலை நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடைப்பந்து, கிரிக்கெட், இறகுப்பந்து, சறுக்குச் சக்கரம் எனப் பயிற்சிக் கூடங்களைக் காணலாம். தேர்வுக் கட்டணம் என்னும் பேச்சு பெரும்பாலும் இவ்வாயிலில்தான் எழுகிறது.

கட்டணம் வாங்குவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். திடலுக்கு வாடகை உண்டு, பந்து தேயும், நாள் முழுதும் வெயிலில் நின்று மதிப்பிடும் பயிற்சியாளருக்கு ஊதியம் வேண்டும், ஒரு பிள்ளைக்குக் கால் பிசகினால் மருத்துவச் செலவு உண்டு. ஆனால் ஒரு சிறு கணக்கை நேயர்கள் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன். ஒரு தேர்வுக்கு 300 பிள்ளைகள் வருகின்றனர் என்றும், ஆளுக்கு 200 ரூபாய் கட்டுகின்றனர் என்றும் கொள்வோம். திரளும் தொகை 60,000 ரூபாய். அணியில் இடம் 20 பேருக்கு. எஞ்சிய 280 பேர் கொடுத்தது 56,000 ரூபாய். அவர்கள் அதற்கு ஈடாக எதைப் பெற்று வீட்டிற்குச் சென்றனர்?

இக்கேள்விக்கு ஆசிரியனாகிய எனக்குத் தெரிந்த விடை ஒன்றே. பள்ளியில் தேர்வு வைத்தால் விடைத்தாளைத் திருத்தித் திருப்பித் தருகிறோம். முப்பத்தைந்து மதிப்பெண் பெறாத மாணவனுக்கும் தருகிறோம். சொல்லப்போனால், அவனுக்குத்தான் அத்தாள் மிகுதியும் தேவை. எந்த வினாவில் பிழைத்தோம் என்பதை அவன் அறிய வேண்டுமே! விளையாட்டுத் தேர்வுக்கும் இந்த நெறி பொருந்தும். ஓட்டத்தில் எடுத்துக்கொண்ட நொடிகள், தாண்டிய தொலைவு, பந்தைக் கையாளும் முறையில் கண்ட குறை, அடுத்த ஆண்டுக்குள் பழக வேண்டியவை ஆகியவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுத்தனுப்பட்டும். அப்போது அது கற்பித்தலுக்குரிய கட்டணமாகும். அவ்வாறு எதையும் தராமல் வாங்கும் பணத்தை நான் சீட்டுக் குலுக்கலுக்குக் கட்டும் பணத்தோடு சேர்த்தே எண்ணுவேன்.

கட்டணத்தில் வேறொரு தீங்கும் மறைந்திருக்கிறது. நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளி ஒன்றில், விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகள் நன்றாகக் கோ-கோ ஆடுவாள். நகரில் தனியார் அமைப்பொன்று நடத்திய தேர்வுக்கு ஐந்து மாணவிகள் செல்வதாக ஏற்பாடு. புறப்படும் நாளன்று காலை அவள் வரவில்லை. வயிற்று வலி என்று தோழியிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். மறு திங்கட்கிழமை திடலில் மற்றவரைவிட விரைவாக ஓடிக்கொண்டிருந்தவளை அழைத்து விசாரித்தேன். தறி ஓடாத வாரத்தில் தந்தையிடம் கட்டணத்திற்குப் பணம் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை என்பதை மெல்ல அறிந்துகொண்டேன். அத்தேர்வை நடத்தியவர்களின் ஏட்டில் அவள் பெயரே இல்லை. தோற்றவள் என்றுகூட எவரும் அவளைக் கணக்கில் எடுக்கவில்லை. கட்டணம் பிள்ளைகளைத் தேர்வுக்கு முன்னரே தேர்ந்தெடுத்துவிடுகிறது. ஆகவே, தேர்வு நடத்துவோர் இயலாதவர்க்குக் கட்டணம் இல்லை என்பதை அறிவிப்பிலேயே அச்சிட வேண்டும். வந்து கேட்டால் தருவோம் என்பது போதாது. நம் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள்.

பெற்றோருக்கும் சில சொற்கள். பணம் கட்டுமுன் நான்கு செய்திகளைக் கேட்டறியுங்கள். எந்தெந்தத் திறனைச் சோதிக்கப் போகிறார்கள்? மதிப்பிடுவோர் யாவர்? அவர்களே மாதக் கட்டணத்திற்குத் தனிப்பயிற்சியும் அளிக்கிறார்களா? கட்டிய பணத்திற்குப் பற்றுச்சீட்டு உண்டா? மூன்றாவது கேள்வியை அழுத்திச் சொல்கிறேன். தேர்ந்தெடுப்பவரே தனிப்பயிற்சியும் விற்பவராக இருந்தால், அவரிடம் பயில்பவனுக்கே இடம் என்னும் ஐயம் எழாமல் இராது. ஐயம் பொய்யாக இருந்தாலும் அணிக்கு அது நஞ்சு. மாநில அணியில் இடம் வாங்கித் தருகிறேன் என்று எவரேனும் தொகை பேசினால், அவ்விடத்தைவிட்டு அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். விலைக்குக் கிடைக்கும் இடத்தை நாளை அதிக விலை கொடுப்பவன் எடுத்துக்கொள்வான்.

இத்தனை ஆவல் ஏன் என்று கேட்கலாம். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரருக்கு மூன்று விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. கல்லூரிச் சேர்க்கையிலும் அவர்களுக்கெனத் தனி இடங்கள் உள்ளன. ஆகவே அணியில் ஓர் இடம் என்பது ஏழைக் குடும்பத்திற்கு வாழ்வின் ஒரு படிக்கட்டாகவும் அமையக்கூடும். அப்படிக்கட்டின் வாயிலில் நிற்பவருக்கு எவ்வளவு பொறுப்பு இருக்க வேண்டும்!

அப்பொறுப்பில் மிகவும் மறக்கப்படுவது பிறந்த மாதம். பள்ளிப் போட்டிகளில் வயதுப் பிரிவு ஜனவரி முதல் நாளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஒரே ஆண்டில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்பர். பதின்மூன்று வயதில் பதினொரு மாத வேறுபாடு சிறிதன்று. தோளிலும் தொடையிலும் அது தெரியும். கனடா நாட்டு உளவியலறிஞர் ரோஜர் பார்ன்ஸ்லி என்பாரும் அவருடைய குழுவினரும், அந்நாட்டுப் பனிவளைக் கோல்பந்தாட்ட வீரர்களின் பிறந்த தேதிகளை ஆராய்ந்து 1985-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே தேர்ந்த அணிகளில் மிகுந்திருந்தனர். சிறு வயதில் சற்றே பெரியவனாக இருந்தவன் தேர்வு பெறுகிறான். தேர்வு பெற்றதனால் நல்ல பயிற்சி பெறுகிறான். பயிற்சி பெற்றதனால் உண்மையிலேயே சிறந்தவனாகிவிடுகிறான். பின்பிறந்தவனோ திறமை இல்லாதவன் எனப் பெயர் பெற்று ஒதுங்கிவிடுகிறான். இதற்கு மருந்து எளிது. ஒரே நாளில் ஒரே தேர்வோடு கதவை அடைத்துவிடாமல், ஆறு திங்கள் கழித்து மீண்டும் ஒருமுறை எல்லோரையும் திடலுக்கு அழைத்துப் பார்க்க வேண்டும். வளர்ந்து வரும் பயிரை ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டு விளைச்சலைச் சொல்லும் உழவர் எவரும் நம் பக்கத்தில் இல்லை.

இவ்வளவும் பிறருக்குச் சொல்லும் நான், என் பிழையையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் என் பள்ளியில் கூடைப்பந்துத் திடலுக்குக் கான்கிரீட் தளம் போட ஊர்ப் பெரியவர் ஒருவர் உதவினார். அவர் மகனும் ஆடுவான், சுமாராக ஆடுவான். பன்னிரண்டாம் இடத்திற்கு அவனும் வேறொரு மாணவனும் நின்றனர். மற்றவன் நான்கு கல் தொலைவிலிருந்து மிதிவண்டியில் விடியற்காலையிலேயே பயிற்சிக்கு வருபவன். உடற்கல்வி ஆசிரியர் அவன் பெயரை எழுதிக் கொண்டுவந்தார். நான் பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு, பெரியவரின் மகன் பெயரை எழுதினேன். பன்னிரண்டாமவன் களத்தில் இறங்கப் போவதில்லையே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அம்மாணவன் வந்து ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் முதல் திடலுக்கு வருவதை மட்டும் நிறுத்திவிட்டான்.

நெடுங்காலம் கழித்துத் திருப்பூரில் ஒரு திருமண வீட்டில் அவனைக் கண்டேன். பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளனாக இருந்தான். மனைவி மக்களை அழைத்துவந்து அறிமுகம் செய்தான். பேச்சு பழைய நாட்களுக்குத் திரும்பியது. "எங்க கொறைன்னு அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா சரி பண்ணியிருப்பனுங்க சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவனிடத்தில் குறை ஏதும் இல்லை; அதனால்தான் நான் சொல்லவில்லை. தன்னிடம் ஏதோ குறை இருந்தது என்றே அத்தனை ஆண்டுகள் அவன் நம்பியிருக்கிறான். பந்தி முடிந்ததும் அவனைத் தனியே அழைத்து உண்மையைச் சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வாங்க சார், வெத்தலை போடலாம்" என்று என் கையைப் பிடித்து அழைத்துச் சென்றான். அவன் மன்னித்துவிட்டான் என்றே கொள்கிறேன். ஆனால் அடித்த பெயரைத் திரும்ப எழுதும் பேனா எவரிடமும் இல்லை.

அணி தேர்ந்தெடுக்கும் இளைய ஆசிரியர்களே, பயிற்சியாளர்களே! எதைப் பார்த்துத் தேர்வீர்கள் என்பதைத் தேர்வுக்கு முன்னரே சுவரில் ஒட்டுங்கள். இருவர் தனித்தனியே மதிப்பிட்டு, பின்னர் ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் வாங்குமிடம் ஒன்றாகவும் மதிப்பிடுமிடம் வேறொன்றாகவும் இருக்கட்டும். பட்டியலை ஒட்டிய அன்று மாலை, அதில் இடம்பெறாத பிள்ளைகளை முதலில் அழையுங்கள். ஒருவனுக்கு இரண்டு நிமிடம் போதும். "உன் ஓட்டம் நன்று, இடக்கைப் பயிற்சி போதாது, தை மாதம் மீண்டும் பார்ப்போம்" என்று காரணத்தைச் சொல்லுங்கள். சொல்லக் கூசும் காரணம் ஒன்று உங்கள் உள்ளத்தில் இருக்குமானால், அப்பட்டியலைக் கிழித்துவிட்டு வேறு எழுதுங்கள். நான் கைக்கொள்ளத் தவறிய விதி இதுவே.

பெற்றோர்களே! பிள்ளை வீட்டிற்கு வந்ததும், "இடம் கிடைத்ததா?" என்று கேட்பதற்கு முன்னால், "இன்று என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேளுங்கள். அதற்கு அவனால் விடை சொல்ல முடிந்தால் நீங்கள் கட்டிய பணம் வீணாகவில்லை. இடம் இந்த ஆண்டு இல்லாவிட்டால் மறு ஆண்டு வரலாம்; வராமலும் போகலாம். நாற்பது பேரில் இருபத்தெட்டுப் பேர் ஆண்டுதோறும் அந்த அறிவிப்புப் பலகையிலிருந்து திரும்பத்தான் வேண்டும். மறுநாட்காலையில் அவர்களும் திடலுக்கு வருவார்களாயின், அந்தப் பள்ளியில் தேர்வு முறையாக நடந்திருக்கிறது என்று நாம் துணிந்து கூறலாம்.